மறதியா, மனச்சோர்வா? நம் வீட்டுப் பெரியவர்களைச் சரியாகப் புரிந்துகொள்வோம்

(முதியோர் நலக் கூட்டத்தில் நம் டிரஸ்ட் சார்பில் வாசிக்கப்பட்ட உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக முழுவதும் இங்கே தரப்படுகிறது.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கண்புரை ஆபரேஷன், படிப்பு உதவி என்று பேசுவோம். இன்று வயதானவர்களின் மனசைப் பற்றியும் ஞாபகத்தைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். காரணம், நம் பெண்ணாடத்தில் இரண்டு வீடுகளில் நடந்த விஷயங்கள். இரண்டிலும் வீட்டார் தவறாகப் புரிந்துகொண்டார்கள். மாதம் தவறாமல் அந்த வீடுகளுக்குப் போய்வந்த நாமும் தவறாகத்தான் புரிந்துகொண்டோம். அந்த இரண்டு குடும்பங்களின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். யார் என்று தேடிப் பார்க்க வேண்டாம்.

முதல் வீடு

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்த்த ஒருவர் மௌத்தானார். அவர் மனைவிக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. நன்னி என்றே எல்லோரும் கூப்பிடுவோம். இத்தா முடிந்த பிறகும் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார். பீரோ சாவி எங்கே என்று கேட்டால் "தெரியலை" என்றார். பேரன் பெயரைக் கேட்டாலும் "தெரியலை, விடு" என்றார். ஷார்ஜாவில் இருந்து மகன் வீடியோ காலில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உறவினர் ஒருவர் செல்போனில் எதையோ படித்துவிட்டு, "இது அல்சைமர், இதற்கு மருந்தே கிடையாது" என்று சொல்லிவிட்டார். வீட்டாரும் நம்பினார்கள். வேளாவேளைக்குச் சோறு வைத்தார்கள், குளிப்பாட்டினார்கள். மருத்துவரிடம் மட்டும் கூட்டிப் போகவில்லை. மருந்தில்லாத நோய்க்கு எதற்கு அலைச்சல் என்று நினைத்துவிட்டார்கள். இப்படி ஒரு வருடம் போய்விட்டது.

ரமலானில் அரிசிப் பை கொடுக்கப் போன நம் சகோதரி ஒருவரிடம் அந்த நன்னி மெல்லிய குரலில் சொன்னார்: "போன வருஷமும் நீதான் கொண்டாந்தே. பை கிழிஞ்சிருந்துச்சு, பாதி அரிசி வாசல்லயே கொட்டிப் போச்சு. எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?"

சகோதரி திகைத்துப்போனார். ஒரு வருடத்துக்கு முன் பை கிழிந்திருந்ததை அவரே மறந்திருந்தார். மறதி நோய் என்று நாம் ஒதுக்கி வைத்தவருக்கு அது ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனை செய்தார்கள், வெகுநேரம் பேசிப் பார்த்தார்கள். அவருக்கு வந்திருந்தது மனச்சோர்வு. மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில், பேத்தியின் தலையை அவரே வாரிவிடத் தொடங்கினார். அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டாவது வீடு

இன்னொருவர் சர்க்கரை ஆலையில் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருடமாக நம் மஹல்லாவின் சந்தா நோட்டு அவர் கையில்தான் இருந்தது. ஒரு பைசா பிசகாது. ஒரு கட்டத்தில் நோட்டில் கூட்டல் தப்பியது. கொடுத்தவர் பெயருக்கு நேரே பணம் ஏறவில்லை. ஒரே ஆளிடம் ஒரே மாதத்தில் இரண்டு முறை சந்தா கேட்டார். கேள்வி கேட்டால் கோபப்பட்டார். "நான் சரியாத்தான் எழுதியிருக்கேன், நீங்கதான் கொடுக்கலை" என்றார். வீட்டில், "பாகப்பிரிவினைக்கு அப்புறம் அத்தா மனசு விட்டுட்டாரு, யாரோடயும் ஒட்ட மாட்டேங்கிறாரு" என்றார்கள். ஊரில் சிலர் அதைவிட மோசமாகப் பேசினார்கள். பணத்தில் கை வைத்துவிட்டார் என்றார்கள்.

நாம் போய் நோட்டைத் திருப்பி வாங்கினோம். வாங்கும்போது நம் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் நல்ல வார்த்தைகளாக இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் மஃக்ரிபுக்குப் புறப்பட்டவர் பள்ளிக்கும் வரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. இரவு விருத்தாசலம் ஜங்ஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை நம் ஊர்க்காரர் ஒருவர் அடையாளம் கண்டு கூட்டி வந்தார். எப்படிப் போனார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. பரிசோதித்தபோது தெரிந்தது, இது மறதி நோய், டிமென்ஷியா. தொடங்கி இரண்டு மூன்று வருடமாவது ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். அதாவது, அந்த நோட்டில் கணக்கு தப்பத் தொடங்கியபோதே நோய் தொடங்கிவிட்டது.

மன்னிப்புக் கேட்க நாம் நான்கு பேர் போனோம். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. "வாங்க பாய், உக்காருங்க" என்று சொல்லி, எங்களுக்கு டீ போடச் சொன்னார். அந்த டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தோம். கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்கும் காலம் கடந்துவிட்டிருந்தது.

ஒரு வீட்டில் மனச்சோர்வை மறதி நோய் என்று நினைத்தோம். இன்னொரு வீட்டில் மறதி நோயை மனக்கசப்பு என்றும், அதற்கு மேல் நேர்மைக் குறைவு என்றும் நினைத்தோம். இப்படி இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த உரை.

இரண்டும் ஒன்றல்ல

யஃகூப் (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். அன்பு மகன் யூசுஃபை (அலை) இழந்த துக்கத்தில் கண்ணே வெளுத்துப்போனது. நீண்ட காலம் கழித்து, யூசுஃபின் வாடை தமக்கு வருகிறது என்று அவர்கள் சொன்னார்கள். சொல்லும்போதே, தம்மைப் புத்தி தடுமாறியவர் என்று வீட்டார் எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கமும் இருந்தது. அருகில் இருந்தவர்களும் அப்படியே, அவர்கள் இன்னும் பழைய தடுமாற்றத்திலேயே இருப்பதாகச் சொன்னார்கள். கடைசியில் யார் சொன்னது சரி என்பதை சூரா யூசுஃப் சொல்கிறது. துக்கத்தில் இருக்கும் ஒரு வயதானவரைப் புத்தி மாறியவர் என்று குடும்பம் எண்ணிவிடுவது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல.

அதே குர்ஆன், எல்லாம் அறிந்திருந்தவர் எதுவும் அறியாதவராக ஆகிவிடும் தள்ளாத முதுமையைப் பற்றியும் சொல்கிறது. அந்த நிலையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடி துஆ செய்திருக்கிறார்கள். துக்கம் வேறு, அறிவு தேய்வது வேறு என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

மருத்துவமும் இதைத்தான் சொல்கிறது. மனச்சோர்வால் வரும் மறதி, பார்ப்பதற்கு டிமென்ஷியா போலவே இருக்கும். அதைப் "போலி மறதி நோய்" என்று சொல்வார்கள். 1961இல் லெஸ்லி கிலோ என்ற மனநல மருத்துவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை மருத்துவ உலகில் பெயர் பெற்றது. குணப்படுத்தக்கூடிய நோயாளியைக் குணமாகாதவர் என்று முத்திரை குத்திவிடாதீர்கள் என்பதுதான் அதன் எச்சரிக்கை.

வீட்டில் எதைக் கவனிப்பது?

இதை வைத்து நீங்களே நோயை முடிவு செய்துவிட வேண்டாம். மருத்துவரிடம் சொல்வதற்கு விவரம் சேர்க்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எப்போது தொடங்கியது? மனச்சோர்வில் பெரும்பாலும் ஒரு காலம் சொல்ல முடியும். "அத்தா மௌத்தான பிறகு", "மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு", "கால் ஒடிந்து படுத்த பிறகு" என்று வீட்டார் சொல்வார்கள். சில வாரம், சில மாதத்தில் நிலைமை இறங்கிவிடும். மறதி நோய் மெல்ல வரும். எப்போது தொடங்கியது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள்.

இரண்டாவது, மறதியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வது யார்? மனச்சோர்வு உள்ளவர் தாமே சொல்வார், "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை, மூளையே வேலை செய்யலை" என்று. மறதி நோய் உள்ளவர் பெரும்பாலும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். கவலைப்படுவது வீட்டில் உள்ளவர்கள்தான்.

மூன்றாவது, கேள்விக்கு என்ன பதில் வருகிறது? மனச்சோர்வில் "தெரியலை" என்று முடித்துவிடுவார்கள். முயற்சி செய்யவே மனசு இருக்காது. சற்றுப் பொறுத்து, கையைப் பிடித்துக் கேட்டால் சரியான பதில் வரும். மறதி நோயில் பதில் உடனே வரும், ஆனால் தவறாக இருக்கும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றால், சாப்பிடாத பிரியாணியைச் சொல்வார்கள். அது பொய் அல்ல. ஞாபகத்தில் உள்ள பள்ளத்தை மூளை எதையோ போட்டு நிரப்புகிறது. நம் சந்தா நோட்டுப் பெரியவர் சொன்னதும் அப்படித்தான்.

நான்காவது, எது மறக்கிறது? மறதி நோயில் நேற்று நடந்தது போகும், ஐம்பது வருடத்துக்கு முந்தையது நிற்கும். வெள்ளாற்றில் வெள்ளம் வந்த கதையை அச்சுப் பிசகாமல் சொல்பவர், காலையில் மகள் வந்துபோனதைச் சொல்ல மாட்டார். ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்பார். தெரிந்த தெருவில் வழி தப்பும். கைப்பழக்கமான வேலையே தவறும்: கைலி கட்டுவது, ரூபாய் எண்ணுவது, அடுப்பை அணைப்பது. மனச்சோர்வில் வேலை தெரியும், செய்யத் தெம்பும் விருப்பமும் இருக்காது.

ஐந்தாவது, நாளில் எந்த நேரம் மோசம்? மனச்சோர்வில் விடியற்காலை இரண்டு மணி, மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், காலை நேரம் பாரமாக இருக்கும், மாலையில் கொஞ்சம் தேறுவார்கள். மறதி நோயில் பலருக்குப் பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள்.

தொழுகையில் தெரிவது

நம் வீடுகளில் இந்த மாற்றம் தொழுகையில் தெரியும். அதனால் தனியாகச் சொல்கிறோம்.

மறதி நோயின் தொடக்கத்தில் ரக்அத் எண்ணிக்கை அடிக்கடி தப்பும். எல்லோருக்கும் எப்போதாவது தப்புவது வேறு. இது தினமும் நடக்கும். அஸர் தொழுத சற்று நேரத்தில் "அஸர் தொழுதேனா?" என்று கேட்பார்கள். பிறகு ஒளுச் செய்யும் வரிசை குழம்பும். ஆனால் சிறுவயதில் மனனம் செய்த சூராக்கள் வெகுகாலம் நாவில் நிற்கும். அதைக் கேட்டுவிட்டு "ஓதுறாரே, இவருக்கு என்ன நோய்?" என்று ஏமாந்துவிடக் கூடாது.

மனச்சோர்வில் தொழத் தெரியும், எழுந்திருக்க முடியாது. "நான் பாவி, என் தொழுகை எங்கே ஏத்துக்கப்படப் போவுது" என்று சொல்வார்கள். இதைக் கேட்டால் நம்மில் பலர் ஈமான் குறைந்துவிட்டது என்று நஸீஹத் செய்யத் தொடங்கிவிடுகிறோம். அது ஏற்கெனவே பாரம் சுமப்பவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது. தேவையில்லாத குற்ற உணர்வு இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. அவருக்கு வேண்டியது சிகிச்சை. மறதி முற்றி, அறிவு நிலை இழந்தவரின் தொழுகை, நோன்பு விஷயத்தில் மார்க்கம் சலுகை வைத்திருக்கிறது. அதை நாமாகத் தீர்மானிக்காமல் ஹஜ்ரத்திடம் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாம் இந்த இரண்டில் அடங்காது

நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று குழம்பிப் பேசினால், ஆள் தெரியாமல் பிதற்றினால், பகலெல்லாம் மயங்கிக் கிடந்து இரவில் கத்தினால், அது மறதி நோயும் அல்ல, மனச்சோர்வும் அல்ல. திடீர்க் குழப்பம். சிறுநீர்த் தொற்று, சளிக் காய்ச்சல், உடம்பில் உப்புச் சத்து குறைவது, சர்க்கரை தாழ்ந்துபோவது, புதிதாகக் கொடுத்த மாத்திரை, இப்படி ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும். விழுந்து தலையில் அடிபட்டு, சில வாரம் கழித்துக் குழப்பம் வந்தாலும் இப்படித்தான். வயதானவர்களுக்கு மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகக் கசிந்து சேரலாம்.

மெல்ல வரும் மறதிக்கும் சரிசெய்யக்கூடிய காரணங்கள் உண்டு. தைராய்டு குறைவு ஒன்று. வைட்டமின் பி12 குறைவு இன்னொன்று. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு; நம் வீடுகளில் பாதிப் பேர் அதைச் சாப்பிடுகிறோம். காது கேட்காதவரை மறதிக்காரர் என்று நினைத்துவிடுவதும் நடக்கிறது. கேட்டிருந்தால்தானே ஞாபகம் இருக்கும்? காதும் கண்ணும் சரியில்லாமல் போனால் மனிதர் ஒதுங்கிவிடுவார், ஒதுங்கினால் சோர்வு வரும். மறதி நோயின் தடுக்கக்கூடிய காரணங்களை 2024இல் லான்செட் ஆய்வுக் குழு பட்டியலிட்டது. மொத்தம் 14. காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. மனச்சோர்வும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் வரலாம். தமக்கு ஞாபகம் போகிறது என்று உணர்பவருக்கு மனம் உடைவது இயல்பு. முதுமையில் முதல்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதி நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். ஆகவே தேறிவிட்டார் என்று விட்டுவிடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வீட்டு நன்னியை இன்றும் அப்படித்தான் கூட்டிப் போகிறோம்.

படிக்காதவர்களை எப்படிப் பரிசோதிப்பது?

"எங்க அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் எப்படிச் சொல்வாங்க?" என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. உலக அளவில் மருத்துவர்களையே வாட்டிய கேள்வி இது. 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் 10/66 என்று பெயர் வைத்து ஒரு குழுவைத் தொடங்கினார்கள். மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். 2003இல் அவர்கள் வெளியிட்ட முதல் ஆய்வில் 2885 முதியவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: மறதி நோய் உள்ளவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், நன்கு படித்தவர்கள், அதிகம் படிக்காதவர்கள். இந்த நால்வரையும் ஒருவரோடு ஒருவர் குழப்பாமல் பிரித்தறிய ஒரு முறை வேண்டும் என்பதுதான் நோக்கம். பெரியவரிடம் மட்டும் கேட்காமல், கூடவே இருப்பவரிடம் தனியாகக் கேட்பது அந்த முறையின் முக்கியமான பகுதி.

பிறகு நம் தமிழ்நாட்டிலேயே சென்னை நகரத்திலும் வேலூர் கிராமங்களிலும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் இடத்துக்குச் சுமார் ஆயிரம் பேரை வீடு வீடாகப் பார்த்தார்கள். பழைய கடுமையான விதிப்படி கணக்கிட்டால் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே மறதி நோய் தெரிந்தது. 10/66 முறைப்படி பார்த்தபோது அது பல மடங்காக இருந்தது. நம் வீடுகளை நினைத்தால் இது புரியும். பெரியவரின் வேலையை மருமகளும் பேரனும் செய்துவிடுகிறோம், "வயசாச்சு, அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம், யாரும் நோய் என்று சொல்வதில்லை. பின்னால் நாடு முழுவதும் நடந்த ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்வதாக மதிப்பிட்டது.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம். மருத்துவரிடம் போகும்போது பெரியவரோடு யார் போகிறார்கள் என்பது முக்கியம். வெளிநாட்டிலிருந்து பத்து நாள் லீவில் வந்த மகன் மட்டும் போனால் போதாது. தினமும் சோறு போடும் மருமகளோ மகளோ போக வேண்டும். அவர்களுக்குத்தான் விவரம் தெரியும்.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது

முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையிலோ, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ காட்டி ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா அளவிலான மருத்துவமனைகளிலும் பார்க்கிறார்கள்; எந்த நாள் என்பதை விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றிலும் மனநலப் பிரிவு உண்டு. போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எப்போது தொடங்கியது, என்னென்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

போனிலேயே பேச வேண்டுமானால் 14416 என்ற எண் இருக்கிறது. டெலிமானஸ் என்று பெயர். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. முதியோர் உதவிக்கு 14567.

மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்ட மறுநாளே வேலை செய்யாது. இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடலாம். "ஒரு வாரம் கொடுத்தோம், ஒண்ணும் தெரியலை" என்று நிறுத்திவிடாதீர்கள். தேறிய பிறகும் பல மாதம் தொடர வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். இந்த மாத்திரைகள் தூக்க மாத்திரைகள் அல்ல. நாமாக மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதுதான் ஆபத்து. அது குழப்பத்தைக் கூட்டும், பெரியவர் இரவில் எழுந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்வார்.

மறதி நோயை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. ஆனால் சிலருக்கு வேகத்தைச் சற்று மட்டுப்படுத்தும் மருந்துகள் உண்டு. கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது உதவும். சீக்கிரம் தெரிந்துகொண்டால், நல்ல ஞாபகம் இருக்கும்போதே கொடுக்கல் வாங்கலை, வஸிய்யத்தை, சொத்து விவரத்தை அவர் விருப்பப்படி எழுதி வைக்க முடியும். வங்கிப் புத்தகத்திலும் பத்திரத்திலும் யாரோ கைநாட்டு வாங்கிக்கொண்டு போவதைத் தடுக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரைத் திட்டாமல் இருக்க முடியும்.

முக்கியமான ஒன்று. "அல்லாஹ் என்னை எடுத்துக்கிட்டா போதும்" என்று பெரியவர்கள் சொல்வதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அவர் சாப்பாட்டைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, இதையே திரும்பத் திரும்பச் சொன்னால் அது பேச்சுக்குச் சொல்வது அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தனியாக விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

துஆவும் மருந்தும்

ஓதிப் பார்ப்பதா, மருத்துவமனையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். மருத்துவம் கிடைக்காமல் கட்டிப் போடப்பட்ட அவர்களும் யாரோ ஒருவரின் அத்தா, யாரோ ஒருவரின் மகள். மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஏர்வாடியில் துஆவோடு மருந்தும் என்ற வழியில் அரசு மனநல மருத்துவர்கள் இப்போது சிகிச்சை தருகிறார்கள். நோய்க்கு மருந்து தேடுவதை நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் மௌத் நடந்தால் துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா கஞ்சி செய்து கொடுக்கச் சொன்னதாக புகாரியில் வருகிறது. துக்கப்பட்ட மனதுக்கும் பராமரிப்பு வேண்டும் என்று அந்த வீட்டில் தெரிந்திருந்தது.

நாம் செய்யப்போவது

நம் டிரஸ்டில் மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். ஒன்று, அரிசியும் மருந்துச் செலவும் கொண்டுபோகிற சகோதர சகோதரிகள் இனி வாசலில் பையை வைத்துவிட்டுத் திரும்ப மாட்டார்கள். பெரியவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள். இரண்டு, துணைவரை இழந்த ஒவ்வொரு பெரியவர் வீட்டுக்கும் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் நிச்சயம் போவோம். ஜனாஸாவுக்கு ஊரே வருகிறது, மூன்றாம் மாதம் ஒருவரும் வருவதில்லை. மூன்று, மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாத வீடுகளுக்கு நம் ஆள் ஒருவர் கூடவே வருவார். வண்டிச் செலவு டிரஸ்டின் பொறுப்பு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பெரியவர் மாறிவிட்டார் என்று தெரிந்தால் உடனே ஒரு பெயர் வைத்துவிடாதீர்கள். "வயசாச்சு" என்பதும், "அல்சைமர்" என்பதும், "பிடிவாதம்" என்பதும், "ஈமான் குறைவு" என்பதும், "கை வைத்துவிட்டார்" என்பதும் நாம் அவசரத்தில் வைத்த பெயர்கள். கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. கவனிப்பதும் கூட்டிப்போவதும் நம் வேலை. பெற்றோரிடம் முகம் சுளிக்கும் ஒரு சிறு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது என்று கற்றுத்தந்த மார்க்கத்தில் இருக்கிறோம்.

அந்தச் சந்தா நோட்டுப் பெரியவரை இப்போது அவர் பேரன் கையைப் பிடித்து ஜும்ஆவுக்கு அழைத்து வருகிறான். அவர் யார் என்று இளம் பிள்ளைகள் சிலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பள்ளியின் கணக்கைப் பல வருடம் ஒரு பைசா பிசகாமல் காத்தவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் ஸலாம் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் மறந்துபோய், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று மறுபடியும் கேட்பார். மறுபடியும் சொல்லுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் பெற்றோருக்கு நலமான முதுமையைத் தருவாயாக. நாங்கள் அறியாமல் அவர்கள் மனதை நோகடித்ததை மன்னிப்பாயாக. எங்களையும் தள்ளாத முதுமையின் துன்பத்திலிருந்து காப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.